ஆய்வகத்தின் திருடி

ஹெஃபெய் நகரத்தில் அந்த ஆய்வகத்துக்கு ஒரு திருடி இருந்தாள். உதவித்தொகை கொடுத்து வைத்துக்கொண்ட திருடி. பெயர் ஷாவ் ரூயின். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் முனைவர் பட்டம் வாங்கி, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பத் தொடங்கிய பிறகும் அங்கேயே கிடந்தவள்.

மற்றவர்கள் செய்தது குவாண்டம் பூட்டு. ஒளியை ஒற்றை ஒற்றைத் துகளாக ஃபைபர் என்ற கண்ணாடி இழைக்குள் அனுப்பி, இரண்டு முனையிலும் ஒரே ரகசியச் சாவியை உண்டாக்கும் வேலை. நடுவில் எவனாவது எட்டிப் பார்த்தால் துகள் கலைந்துவிடும், பார்த்தது தெரிந்துவிடும். இயற்கையே போட்ட காவல், உடைக்கவே முடியாது என்று பேராசிரியர் கெங் மேடைக்கு மேடை முழங்குவார். ரூயினுக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் பெட்டியை இயற்கை செய்யவில்லையே. அரைத் தூக்கத்தில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு மாணவர்கள் செய்தார்கள். அவர்கள் எந்த இடத்தில் சோம்பல்பட்டார்கள், எந்த இடத்தில் அவசரப்பட்டார்கள் என்று மோப்பம் பிடிப்பதுதான் அவள் வேலை.

அங்கே வழக்கம் இப்படி. எந்தப் பெட்டியானாலும் ஊருக்குள் போகுமுன் திருடியின் கையில் ஒரு மாதம் இருக்கும். சாவியை அவள் எடுத்துவிட்டால் பெட்டி செய்தவன் மேசைக்கே திரும்பும். அவன் பட்டமும் அதோடு தள்ளிப்போகும். எடுக்க முடியாவிட்டால் பெட்டி ஊருக்குப் போகும். இரண்டில் எது நடந்தாலும் கடைசியில் விருந்து உண்டு. கோடைக்காலத்து ஹெஃபெய் விருந்தென்றால் வேறென்ன, மிளகாயில் குளிப்பாட்டிய, நண்டு போலக் கொடுக்கு வைத்த நண்டிறால்தான். தோற்றவர் ஓட்டை உரித்து உரித்து ஜெயித்தவர் தட்டில் வைக்க வேண்டும். பேராசிரியர் ஏற்படுத்திய விளையாட்டு. ரூயின் இதுவரை ஒரு விருந்திலும் உரித்ததில்லை. உரித்துத்தான் கொடுத்தார்கள்.

அந்த வருஷம் வந்தது சாதாரணப் பெட்டி அல்ல. நகரத்தின் அரசு அலுவலகங்களையெல்லாம் இணைக்கப்போகும் வலையின் முதல் பெட்டி. செய்தவன் துவான் ஜிபின். ஆய்வகத்தில் முன்னால் சேர்ந்தவர் அக்கா, பின்னால் சேர்ந்தவர் தம்பி. ஜிபின் அவளுக்கு அடுத்த வருஷம் சேர்ந்தவன், ஆகவே அவனும் அக்கா என்றுதான் கூப்பிட்டான். காதல் வந்த பிறகு அந்த அக்கா தானாக உதிர்ந்துபோனது. இருவரும் வளாகத்துக்கு வெளியே ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். இது ஊருக்கே தெரியும்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் தேநீர்ப் புட்டியைத் திருகித் திறந்தபடி சேதி சொன்னார். அவரை எல்லோரும் முதலாளி என்றே கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் கேலியாகத் தொடங்கிய பெயர், அவருக்கே பிடித்துப்போய்விட்டது.

"நிரந்தரப் பதவி ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு. பெட்டி நின்னா ஜிபினுக்கு. பெட்டி விழுந்தா ரூயினுக்கு. ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான இருக்கீங்க? வீட்டுல கத்தி கித்தி இருந்தா பக்கத்து வீட்டுல குடுத்து வைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பேசி முடித்தால் சிரிப்பதும் அங்கே ஒரு வேலைதான்.

ரூயின் ஓட்டையைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். ஒற்றைத் துகளைக்கூடப் பார்க்கும் கண் அந்தப் பெட்டியில் இருந்தது. அவ்வளவு கூர்மையான கண்ணில் பளிச்சென்று வெளிச்சத்தை ஊற்றினால் அது குருடாகிவிடும். குருடானபின் வெளிச்சம் ஊற்றியவள் காட்டுவதைத்தான் அது பார்த்ததாகச் சொல்லும். துறையில் எல்லோருக்கும் தெரிந்த திருட்டு இது. அதனால்தான் கண்ணுக்குப் பக்கத்திலேயே ஒரு அலாரத்தையும் வைப்பார்கள். வெளிச்சம் மிகுந்து மின்னோட்டம் ஏறினால் அலறி, லைனையே நிறுத்திவிடும். ரூயின் வழக்கம்போல வெளிச்சத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றினாள். அலாரம் அலறவில்லை. இன்னும் ஏற்றினாள். சத்தமே இல்லை. கண் குருடாகிச் சாவி முழுவதும் அவள் திரையில் வந்து கொட்டியது. வேறு யாருடைய பெட்டியாக இருந்தாலும் அந்த நிமிஷமே முதலாளி அறைக்கு ஓடியிருப்பாள். அன்று கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஜிபின் தக்காளியும் முட்டையும் போட்டு நூடுல்ஸ் செய்துகொண்டிருந்தான்.

"அலாரம் தூங்குது, ஜிபின்," என்றாள்.

எந்த அலாரம் என்று அவன் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தான்.

"அது அடிக்க வேண்டிய அளவை நீதான் ஏத்தி வெச்சிருக்க. தெரியாம ஏறுற அளவு இல்ல அது," என்றாள்.

"ஜூலை மாசம், பெட்டியை ஓட்டிப் பாக்க வெச்சிருந்த அந்த ரோட்டோர ரூமுக்குள்ள போய்ப் பாத்திருக்கியா நீ? ஏசி நின்னுச்சுன்னா பெட்டி கொதிக்குது. கரண்ட் தானா ஏறுது. திருடனே இல்லாம அலாரம் அடிக்குது, லைன் நிக்குது. நின்ன ஒவ்வொரு தடவையும் முதலாளி என்னை எல்லார் முன்னாடியும் நாயத் திட்டுற மாதிரி திட்டினாரு. நீயும்தான் அங்க உக்காந்திருந்த."

"அதுக்குக் காவக்காரன் காதுல பஞ்ச வெச்சு அடைச்சிட்டியா?"

"குளிர் வந்ததும் எறக்கிடறேன். என்னைக்குமே இப்படியேவா வெச்சிருக்கப்போறேன்?" அவன் அவள் எதிரே வந்து குந்தி உட்கார்ந்தான். "ரூயின், கொஞ்சம் யோசிச்சுப் பாரு. பதவியில சேர்றவங்களோட புருஷனுக்கோ பொண்டாட்டிக்கோ உள்ளயே ஒரு வேலை போட்டுத் தர்றாங்க, இல்லியா? பதவி எனக்கு வந்தா, பொண்டாட்டின்னு உன்னையும் கூட்டிட்டுப் போலாம். உனக்கு வந்தா? பெட்டி விழுந்துபோன புருஷனுக்கு எவன் வேலை தருவான்? நீ மட்டும் உள்ள இருப்ப, நான் ரோட்டுல நிப்பேன்."

கணக்குச் சரியாகத்தான் இருந்தது. சரியான கணக்கு என்பதால் மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது, அதுதான் விஷயம். மறுநாள் தன் கணினியில் பதிந்திருந்ததை எல்லாம் தன் கையாலேயே அழித்தாள். மாதம் முடியும்வரை பெட்டியின் மற்ற பக்கங்களைத் தட்டித் தட்டிப் பார்த்து, எதுவும் திறக்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். பொய் சொல்லவும் ஒரு திறமை வேண்டும். அதுவும் அவளுக்கு இருந்தது.

விருந்தில் நண்டிறால் சட்டி சட்டியாக வந்தது. பேராசிரியர் ஒரே மூச்சில் சாராயக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு ரூயினைப் பார்த்தார்.

"என்னம்மா திருடி, கண்ணுல பூ விழுந்துடுச்சா?"

"பெட்டி நல்லாயிருக்கு, முதலாளி."

"பெட்டி நல்லாயிருக்கா, பெட்டிக்காரன் நல்லாயிருக்கானா?"

மேசை குலுங்கியது. ரூயின் பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு உரிக்கத் தொடங்கினாள். முதல் சில இறாலுக்கு ஜிபின் நெளிந்தான். "போதும், விடு," என்று வாய்க்குள் முனகினான். கிண்ணங்கள் ஏற ஏற நெளிவது நின்றது. அப்புறம் அவன் பக்கத்தில் இருந்தவனோடு பேசிக்கொண்டே, திரும்பாமல், தட்டின் விளிம்பைச் சாப்பிடும் குச்சியால் தட்டினான். இன்னொன்று வை என்று அர்த்தம். அவள் வைத்தாள். ஓடு ஒன்று கையுறையைக் கிழித்து விரலில் ஏறி, மிளகாய் எண்ணெய் காயத்தில் பட்டுக் காந்தியது. நமக்காகத்தானே, ரெண்டு பேருக்காகத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பதவி வந்தது. ஜிபினுக்குத் தனி அறையும் கதவில் பெயர்ப்பலகையும் வந்தன. கல்யாணப் பதிவு அக்டோபர் தேசிய தின விடுமுறைக்குப் பிறகு என்றான். விடுமுறை போனதும் லைன் திறப்பு விழாவுக்குப் பிறகு என்றான். விழாவும் போனது. ஒரு நாள் நடைக்கூடத்தில் நாலு பேர் முன்னால் அவளை "ரூயின் அக்கா" என்று கூப்பிட்டான். அவளுக்குச் சுருக்கென்றது. மரியாதைக்குச் சொல்கிறான் என்று தேற்றிக்கொண்டாள். பிறகு வேலை அதிகம், வந்துபோக முடியவில்லை என்று துணிகளை எடுத்துக்கொண்டு வளாகத்துக் குடியிருப்புக்கே போய்விட்டான்.

சேதியைச் சொன்னவன் மூயாங். ஆய்வகத்தில் கடைசியாகச் சேர்ந்தவன், வாயில் எதுவும் நிற்காது. உணவுக்கூடத்தில் அவள் எதிரே தட்டை வைத்துவிட்டு ஆரம்பித்தான்.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லியே?"

"எதுக்கு?"

"ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? ஜிபின் அண்ணனுக்குப் பொண்ணு பாத்தாச்சு. நமக்கு ஃபைபர் போட்டுத் தர்ற கம்பெனி இருக்குல்ல, அந்தத் தலைவரோட பொண்ணு. முதலாளிதான் முன்ன நின்னு பேசி முடிச்சாராம். நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுத்தான் பிரிஞ்சீங்கன்னு ஜிபின் அண்ணன் சொன்னாரே…"

அவள் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நேராக அந்தப் பெயர்ப்பலகை போட்ட அறைக்குப் போனாள். ஜிபின் கதவைச் சாத்தினான். அவன் பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"முதலாளி சொல்றப்ப நான் என்னன்னு மறுக்கறது? வலை ஊர் முழுக்கப் பரவணும்னா அந்தக் கம்பெனி வேணும்."

"அப்ப நான்?"

"உனக்காக வேலை கேட்டேன், ரூயின். நிஜமா கேட்டேன். அவ என்ன பண்ணுவான்னு முதலாளி கேட்டாரு. நான் என்னன்னு சொல்றது? ஒரு மாசம் பெட்டியைக் கையில வெச்சிருந்து ஒண்ணும் பண்ண முடியாம விட்டவன்னுதான் எல்லாரும் நெனைக்கறாங்க."

"முடியாம விட்டேனா?"

"நான் அப்படிச் சொல்லல. எல்லாரும் நெனைக்கறதச் சொல்றேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் மேசை மேல் இருந்த பேனாவை நேராக்கினான். "அதோட, நெஜத்தச் சொல்லணும்னா, அந்தப் பெட்டி விழுந்திருந்தாலும் ஒரு வாரத்துல சரி பண்ணியிருப்பேன். நீ என்னமோ உசுரையே குடுத்த மாதிரி பேசாத."

அவன் உண்மையிலேயே அப்படி நம்பத் தொடங்கிவிட்டான் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. அவள் கொடுத்ததை அவன் கடனாகக்கூட நினைக்கவில்லை. தானே சம்பாதித்ததாக நினைத்தான்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். கோபம் அவள் மூளையை மூடியிருந்தது. இல்லாவிட்டால், எந்தப் பூட்டையும் முன்கூட்டித் தட்டிப் பார்க்காமல் கை வைக்காதவள், அன்று அதைச் செய்யாமல் வந்திருக்க மாட்டாள்.

"முதலாளி, ஊருக்குள்ள போன பெட்டில ஓட்டை இருக்கு. அலாரம் அடிக்கற அளவை ஜிபின் ஏத்தி வெச்சிருக்கான். எனக்குக் கோடையிலயே தெரியும். நான் திறந்தேன். சாவியை எடுத்தேன். அவன் கேட்டுக்கிட்டான்னு மறைச்சேன்."

பேராசிரியர் புட்டியின் மூடியை மெதுவாகத் திருகி மூடினார்.

"எடுத்த சாவி எங்க?"

"அழிச்சிட்டேன்."

"நல்ல திருடி. ஜிபின், என்னப்பா இது?"

ஜிபின் எழுந்தான். முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை. "அக்கா மனசு கஷ்டத்துல இருக்காங்க, முதலாளி. அது எதனாலன்னு எல்லாருக்கும் தெரியும். நான் ஒண்ணும் சொல்ல விரும்பல. அவங்களே வந்து திறந்து காட்டட்டும்."

குரல் ஏன் நடுங்கவில்லை என்று அப்போதாவது அவள் யோசித்திருக்கலாம்.

ஆய்வகமே கிளம்பி அந்த ரோட்டோர அறைக்குப் போனது. வெளியே குளிர் முகத்தை அறைந்தது. மரங்களில் ஓர் இலைகூட இல்லை. அறைக்குள் எல்லோரும் தோளோடு தோள் இடித்து நிற்க, மூயாங் கைப்பேசியில் படம்பிடிக்கத் தயாரானான். ரூயின் தன் லேசரை இணைத்தாள். விரல்கள் பழகிய வேலையைப் பார்த்துக்கொண்டன. வெளிச்சத்தை ஏற்றினாள். எதுவும் நடக்கவில்லை. இன்னும் ஒரு துளி ஏற்றினாள்.

அலாரம் அலறியது.

லைன் நின்று, பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கோடையில் ஊற்றிய வெளிச்சத்தில் கால்வாசியைக்கூட அவள் இன்னும் ஊற்றியிருக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி அலறியது. மூன்றாம் முறை அவள் கை போனபோது யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள்.

"பழைய அளவு எங்கயாவது பதிஞ்சிருக்கும்," என்றாள் ரூயின். "பெட்டியைத் திறந்து பாருங்க."

"விழாவுக்கு முன்னாடி மென்பொருளையே புதுசா போட்டாச்சு அக்கா," என்றான் ஜிபின். அவ்வளவு மென்மையாகச் சொன்னான்.

பேராசிரியர் அவள் தோளைத் தட்டினார். "பாத்தியா? பெட்டி உன்னைவிட ஒழுங்கா வேலை செய்யுது." மற்றவர்களோடு சேர்ந்து அவரும் வெளியே போனார்.

அவள் ஒயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஜிபின் மட்டும் வாசலில் நின்றான்.

"குளிர் வந்ததும் எறக்கிடறேன்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என்றான். "மொத பனி விழுந்தப்பவே எறக்கிட்டேன். நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை அவன். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவனின் நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. அவளுக்குக் கொடுத்த வாக்குகளில் அவன் காப்பாற்றியது அந்த ஒன்றைத்தான்.

மறுநாள் பேராசிரியர் கூப்பிட்டனுப்பினார். அவள் ஆய்வேடு மேசை மேல் கிடந்தது. ஊருக்குள் இருக்கும் குவாண்டம் பெட்டிகளை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்று வருஷக்கணக்காக எழுதியது.

"இத வெச்சு நான் உனக்குப் பட்டம் குடுத்தா என் வலையை எவன் வாங்குவான்?" என்றார். "தலைப்ப மாத்து. எல்லாத் தாக்குதலையும் பெட்டி தாங்குதுன்னு எழுது. நேத்து நீயே செஞ்சு காட்டினியே, அதையும் சேத்துக்கோ. ரொம்ப அருமையான பரிசோதனை."

"நான் நேத்து சொன்னது நெஜம், முதலாளி."

"தெரியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரோட்டோர ரூமு ஜூலைல எப்படிக் கொதிக்கும்னு எனக்குத் தெரியாதா? நான் திட்டினதுக்கப்புறம் திடீர்னு அலாரம் நின்னுச்சு. எப்படி நின்னுச்சுன்னு நான் கேக்கல. ஜிபின் கேக்க வேண்டாத ஆளு. நீ கேக்காமலே வந்து சொல்ற ஆளு. யாரை உள்ள வெச்சுக்குவேன் சொல்லு?" அவர் ஆய்வேட்டை அவள் பக்கம் தள்ளினார். "பட்டம் வேணுமா, வேண்டாமா? வேணும்னா இன்னொண்ணும் பண்ணணும். இனிமே விருந்தாளிங்க நெறைய வருவாங்க. பூட்டை மட்டும் காட்டினா அவங்களுக்குப் புரியாது. திருடியையும் காட்டணும்."

இத்தனை வருஷத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு சொந்த ஊரான ஃபூயாங்குக்குப் போவதா? அவளால் முடியவில்லை. ஆய்வேட்டை எடுத்துக்கொண்டாள்.

சீனப் புத்தாண்டான வசந்த விழா முடிந்து விருந்தாளிகளின் முதல் கூட்டம் வந்தது. பக்கத்து மாகாணங்களிலிருந்து அதிகாரிகள், வங்கிக்காரர்கள், ஃபைபர் கம்பெனித் தலைவர், அவர் மகள். ஜிபின் புதுக் கோட்டுப் போட்டு நடுவில் நின்று விளக்கினான். ரூயினைக் கை காட்டி, "இவங்க ஷாவ் ரூயின் அக்கா. நாட்டுலயே பெரிய திருடி. இவங்க திறக்காத பெட்டியே கிடையாது," என்றான். எல்லோரும் ஆவலாகத் திரும்பினார்கள். அவள் வெளிச்சத்தை ஏற்றினாள். அலாரம் அலறியது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்றவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்றார்கள். அவர்களுக்காக இன்னொரு தடவை ஏற்றினாள்.

கம்பெனித் தலைவரின் மகள் கொஞ்சம் கெட்டிக்காரப் பெண். கைதட்டல் ஓய்ந்ததும் முன்னால் வந்தாள். ஜிபினைக் கேட்கவில்லை. பேராசிரியரையும் கேட்கவில்லை. நேராக ரூயினிடம் வந்து கேட்டாள்.

"அக்கா, நெஜமாவே கேக்கறேன். இவர் செஞ்ச இந்தப் பெட்டிய மட்டும் உங்களால திறக்கவே முடியலியா? ஒரு தடவைகூட?"

ஜிபின் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். பேராசிரியர் புட்டியைத் திறந்து ஒரு வாய் தேநீர் குடித்தார். அவர் அவசரப்படவில்லை.

"ஒரு தடவைகூட இல்லம்மா," என்றாள் ரூயின்.